நாலாவது படம்

லாபுபாய் வகாசியாவுக்குத் தரகு தொழில், வாய் உபதொழில். சூரத் மஹிதர்புராவில் வைரத் தரகர்கள் கூடும் தெருவில், ஸ்கூட்டர் மேல் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, படத்தைப் பார்த்துக் கல் வாங்கி ஏமாந்தவர்களை நாள் முழுக்கக் கிழித்துத் தோரணம் கட்டுவார். நானும் அதே தெருவில் தரகு பார்ப்பவன். எனக்கும் அவரிடம் விழுந்திருக்கிறது.

“கறுப்புத் துணி, நாலு பக்கமும் விளக்கு. அந்த வெளிச்சத்துல உட்கார வெச்சா உங்க மாமனார்கூட அழகாத்தான் தெரிவாரு!” என்பார். “ஜன்னலோரமா, வெள்ளைக் காகிதத்துல, விளக்கே இல்லாம ஒரு படம் கேளு. தரமாட்டேன்னா எடுத்துடு ஓட்டம்.”

சொல்வதென்னவோ நியாயம்தான். சான்றிதழில் எடையும் நிறமும் இருக்கும். கல்லுக்குள் பால் பாய்ந்து, அதாவது வெண்மை படர்ந்து, நீரோட்டம் மங்கியிருந்தால் அந்தக் காகிதம் பெரும்பாலும் வாய் திறக்காது. விளக்கடியில் அந்தக் கல்லும் ஜொலிக்கும். பகல் வெளிச்சத்தில்தான் குட்டு உடையும். இது லாபுபாய்க்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவர் செய்ததை என்னால் சும்மா விட முடியவில்லை.

நவ்சாரியில் நகைக்கடை வைத்திருக்கும் ஜெயந்தி சேட், மகள் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு கல் கேட்டிருந்தார். லாபுபாயின் பழைய கூட்டாளி மனுபாய் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். இளவயதில் இரண்டு பேரும் ஒரே சக்கரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டை தீட்டியவர்கள். அந்தச் சக்கரத்தில் பட்டுத்தான் மனுபாயின் ஆள்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்தது. கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டவர் லாபுபாய். பிளவு இன்றும் அப்படியே இருக்கிறது. முதல் படத்தில் கல் அந்த விரலின் இடுக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

நகத்தைப் பார்த்ததும் லாபுபாய் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டார். விலை கொஞ்சம் குறைவாக இருந்ததை நட்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மற்றப் படங்களைத் திறக்காமலே “எடுத்துக்கிட்டேன்” என்று பதில் போட்டார். எங்கள் தெருவில் அந்தச் சொல் விழுந்தால் விழுந்ததுதான். கல்லைத் திருப்ப முடியாது.

பொட்டலம் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் நவ்சாரிக்குக் கிளம்பினார். ஜெயந்தி சேட் கல்லை இடுக்கியால் எடுத்து ஜன்னலோரம் வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். சம்பந்தி வீட்டார் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“லாபுபாய், இது வைரமா மோரா?” என்றார் சேட். “சொல்லியிருந்தா கொஞ்சம் சீரகம் தூவி வெச்சிருப்பேனே.”

எல்லோரும் சிரித்தார்கள். லாபுபாய்க்குக் காது மடல் வரை எரிந்தது. அந்தச் சூட்டோடு சூரத் திரும்பி நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். டீக்கடை வாசலில் மனுபாய் நின்றிருந்தார்.

“திருட்டுப் பயலே! உன் விரல நம்பித்தானேடா எடுத்தேன்? பால் கல்ல என் தலையில கட்டிட்டியே!”

தெரு திரும்பிப் பார்த்தது. “என்னடா சொல்றே?” என்றார் மனுபாய்.

“இதப் பாரு, நீ அனுப்பின படம்!” லாபுபாய் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆத்திரத்தில் கட்டைவிரல் படங்களைத் தள்ளிக்கொண்டே போக, நாலாவது படம் வந்து நின்றது. ஜன்னலோரம், வெள்ளைக் காகிதம், மோர் நிறத்தில் கல். அடியில் மனுபாய் எழுதியிருந்தார்: “பால் இருக்கு. பாத்துட்டுச் சொல்லு.”

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை. மனுபாய் உள்ளங்கையால் திரையை மூடினார்.

“தப்பு என்னுதுதான்யா,” என்றார் தெருவுக்குக் கேட்கும்படி. “வேற கல்லோட படத்த அனுப்பித் தொலைச்சிட்டேன். கொண்டா கல்ல.”

லாபுபாய் பொட்டலத்தைக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. ஊரையே கிழித்த வாய் அது.

மனுபாய்க்குப் பிழைப்பே மும்பைக்காரர்களுக்குப் படம் அனுப்பி விற்பதுதான். பேச்சு கல்லைவிட வேகமாகக் கைமாறியது. “மனுபாய் படமா? கல்லு அவருதுதானான்னு கேட்டுக்கோ” என்று சிரித்தார்கள். பழகிய வாடிக்கைகள் நழுவின. லாபுபாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் கிண்டல் செய்யவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நாங்கள் நினைத்தோம்.

ஒருநாள் தன்சுக் என்ற தரகர், “லாபுபாய், அடிபட்டவர் நீங்கதான், சொல்லுங்க. மனுபாய் படத்த நம்பலாமா?” என்று கேட்டார். லாபுபாய் குடித்துக்கொண்டிருந்த சாயா புரையேறியது. போனை எடுத்து நாலாவது படத்தைத் திறந்து தன்சுக் கையில் கொடுத்தார்.

“இத அவன் அன்னிக்கே அனுப்பினான். நான்தான் பாக்கல. பாத்தப்புறமும் வாயப் பொத்திட்டு நின்னேன். நான் மனுஷனே இல்ல.”

போன் கை மாறி மாறிப் போனது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவரை அதிகம் அடித்திருக்கும். பிறகு அவர் மனுபாயின் மாடி அறைக்குப் போனார். மனுபாய் ஜன்னலோரம் ஒரு கல்லை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மனு. படத்தப் பாக்காதது என் தப்பு. மன்னிச்சிடுடா.”

“படத்தப் பாக்காதது ஒரு தப்பா? எல்லாரும் பண்றதுதான்.” மனுபாய் திரும்பவில்லை. “இந்த நகத்தப் பாத்ததும் கல்ல நம்பினே. சரி. கல்லு கெட்டுப்போச்சுன்னதும் இந்த நகத்த ஏண்டா நம்பல?”

இதை எனக்குச் சொல்லும்போது லாபுபாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.