வீட்டுக்குள் ஷூ போடும் மனிதர்

ஸ்டெர்லின் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார். வெளியே போவதற்கல்ல. திலக் நகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. கல்யாணில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பெட்டிக்கு இங்கிருந்தபடியே முகவரி மாற்ற வேண்டும்.

"மாப்பிள்ள ஜோரா கெளம்பிட்டாவ! லோக்கல் ட்ரெயின் வீட்டுக்குள்ளயே வருதாக்கும்?" என்று சிரித்தாள் மனைவி ஸ்வீட்டி.

அவர் சிரிக்கவில்லை. முன்பொரு முறை ஓர் எண்ணைத் தப்பாக அடித்து, அந்தப் பெட்டியை இங்கிருந்து தொடவே முடியாமல் போய்விட்டது. ரயில் கூட்டத்தில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு கல்யாண் போய்ச் சரிசெய்ய மூன்று மணி நேரம். அன்றிலிருந்து இந்த ஷூ.

இன்னொரு வழக்கமும் உண்டு. 'பத்து நிமிடத்தில் நீயாக அணைந்து, பழைய முகவரியோடு எழுந்திரு' என்று பெட்டிக்கு முதலிலேயே கட்டளை போட்டுவிடுவார். மாற்றம் சரியாக அமைந்தால் உள்ளே போய் அதை ரத்து செய்வார்.

இன்று முகவரி மாறியது. பாஸ்வேர்டை அடித்தார். அனுமதி இல்லை. மறுபடியும் அடித்தார். அனுமதி இல்லை.

யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் சர்வரிடம் புதிய முகவரியைச் சொல்ல மறந்திருந்தார்! முன்பின் தெரியாத பெட்டி கேட்டால் அது கதவைத் திறக்காது.

அவர் விஷயத்தைச் சொன்னதும் போனில் பதறினாள் ஆஸ்பத்திரி ஊழியர் ஹாஃபிஸா: "அண்ணே, ஐசியூ ஸ்க்ரீன் பூரா இதுலதான ஓடுது? ஏழாம் பெட்ல ஒரு சின்னப் புள்ள கெடக்கு. பெட்டி அணைஞ்சா திரும்ப வர எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிசம்."

"யா அல்லாஹ்! நாலு நிமிசமா?"

"போன வைக்காத தாயி. தோ மினிட், ரெண்டே நிமிசம்."

காப்பாற்றுவதற்காகப் போட்ட கட்டளையே இப்போது கழுத்துக்குக் கத்தியாக நின்றது. சர்வரைத் திறந்தார். புதிய முகவரியை ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அடித்தார். ஸ்வீட்டி சிரிப்பை மறந்து, பின்னால் நின்று, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பாஸ்வேர்டு. உள்ளே விட்டது. ரத்து.

பதினொரு வினாடி மிச்சமிருந்தது.

"ஸ்க்ரீன் ஓடுதாம்மா?"

"ஓடுதுண்ணே. நிக்கவே இல்ல."

ஸ்வீட்டி அவர் முதுகைத் தடவினாள். "போதும். ஷூவக் கழத்துங்க."

"தேவ்நார்ல இன்னொரு பெட்டிக்கு முகவரி மாத்த வேண்டியிருக்குட்டீ."

அவர் குனிந்து, ஏற்கெனவே இறுகிக் கிடந்த லேஸின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.