சீல் உடையாத 417

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நைரோபிக்கு வந்தால் என் வலது கையைக் காட்டுகிறேன். அதில் மூன்று விரல்தான் மிச்சம்.

என் பெயர் கியோகோ. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேபில் வேலை. ஐரோப்பாவுக்குப் போகிற பீன்ஸ், தக்காளி, மாம்பழத்தில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்போம். வந்த சாம்பிளை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதிக்கு சீல் வைத்து, சீல் மேல் கையெழுத்துப் போட்டு, ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் அதுதான் சாட்சி. மறு பாதியை மிஷினில் வெட்டி விழுதாக்குவோம். வீட்டு மிக்ஸி மாதிரிதான், ஆனால் அண்டா அளவு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவில் கத்தியையும் கிண்ணத்தையும் சோப்பு, வெந்நீர், ஸ்பிரிட் என்று மூன்று தடவை கழுவ வேண்டும்.

மார்ச் 4, திங்கட்கிழமை, நான் கழுவவில்லை.

அன்றைக்கு முப்பது சாம்பிள் காத்திருந்தது. 416 தக்காளி, மருந்திலேயே குளித்து வந்தது. அதை வெட்டிவிட்டு, கிண்ணத்தைக் காகிதத்தால் ஒரு துடை துடைத்துவிட்டு 417-ஐக் கொட்டினேன். ம்வேயா பக்கத்து விவசாயக் குழு ஒன்றின் பீன்ஸ் அது. வஞ்சிரா என்ற பெண்ணின் வயலில் பறித்தது. முடிவில் மருந்து எகிறியது. ஏன் எகிறியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். திரும்பச் செய்யச் சோம்பல். நாசமாய்ப் போன கை.

மார்ச் 24, ஞாயிறு. ஞாயிறும் விமானம் பறக்கும், எங்களில் ஒருவராவது வர வேண்டும். கேட்டில் காவலாளி ஓபுயா மதியச் சாப்பாட்டுக்கு உகாலிக் களியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சர்ச்சுக்குப் போகாம பீன்ஸ் அறுக்க வந்துட்டியா? உனக்கெல்லாம் எங்கடா மோட்சம்?"

"நீங்க முன்னாடி போய் எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைங்கண்ணே."

சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால் கேட்டைப் பூட்டினார். மணி 1.35.

1.50-க்குக் கவுன்டரில் மணி அடித்தது. டிங்...

ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை சேறு. வலது கையைத் துணியால் சுற்றியிருந்தாள். இடது கையால் ஒரு பொட்டலத்தைத் தள்ளினாள்.

"மறுபடி பாரு தம்பி."

"ஞாயித்துக்கிழமை வாங்குறதில்லக்கா. கேட்டை யாரு திறந்துவிட்டா?"

"மறுபடி பாரு."

பொட்டலத்தின் மேல் 417 என்று இருந்தது. எழுத்து என்னுடையது. தொட்டேன். விரல் ஒட்டிக்கொள்கிற குளிர். வெளியே வெயில் கொளுத்துகிறது... இதில் உறைபனி பிடித்திருந்தது.

நிமிர்ந்தேன். ஆளைக் காணோம்.

வஞ்சிராதான் என்று புரிந்தது. எப்படி உள்ளே வந்தாள் என்று புரியவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இன்றைக்காவது ஒழுங்காகச் செய்து, அவள் பெயரில் நான் பூசிய கரியைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மிஷினை மூன்று தடவை கழுவினேன். பீன்ஸைக் கொட்டி மூடினேன்.

2.04. சுவிட்சைப் போட்டேன். சரக்... சரக்... சரக்...

டக்.

பீன்ஸில் எலும்பு ஏது?

சுவிட்சை அணைத்தேன். மிஷின் நிற்கவில்லை.

2.06. பிளக்கைப் பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது. கத்தி சுற்றிக்கொண்டே இருந்தது.

டக்... டக்...

கிண்ணத்துக்குள் ஆண்களின் குரல். நாலைந்து பேர்.

"எந்த விரல வெச்சு பொய் சொன்னா?"

"இதுதான். அமுக்கிப் பிடி."

மண்வெட்டி சதையில் இறங்குகிற சத்தம். ஒரு பெண்ணின் அலறல். மறுபடி மண்வெட்டி. மறுபடி...

மூடி தானாகத் திறந்தது.

விழுது சிவப்பாக இருந்தது.

ஒரு கை மேலே வந்தது. நான்கு விரல். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த சதை.

என் மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தது.

2.07.

ஓபுயா கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது நான் தரையில் கிடந்தேன். சட்டையெல்லாம் ரத்தம். கிண்ணத்துக்குள் வெறும் பச்சை விழுது, ஒரு சொட்டு சிவப்பு இல்லை. விரல்களைத் தைத்துவிடலாம் என்று அவர் எல்லா இடத்திலும் தேடினார். கிடைக்கவில்லை.

"யாருமே வரலடா. பூட்டின பூட்டு அப்படியே இருக்கு."

ஆஸ்பத்திரியில் மேலாளர் ஞெரி அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கழுவாததை, தெரிந்தே கையெழுத்துப் போட்டதை.

"அந்த வஞ்சிரா செத்துட்டாடா," என்றார். "போலீஸ் நேத்துதான் வந்து ரிப்போர்ட்டைக் கேட்டாங்க."

என் ரிப்போர்ட்டால் குழுவில் நாற்பது குடும்பத்துப் பீன்ஸையும் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். மருந்தடித்த கணக்கைக் குறிக்கிற நோட்டு ஒன்று எல்லா வயலிலும் உண்டு. எழுதத் தெரியாத வஞ்சிரா அதில் ஊதா மையில் பெருவிரல் வைப்பாள், அடிக்கவில்லை என்று. பொய் ரேகை வைத்தாள் என்று குழுவின் ஆண்கள் மார்ச் 7 அன்று அவளை வயலுக்கு இழுத்துப்போய் அந்த விரலை வெட்டினார்கள். அதோடும் விடவில்லை. அடித்தே கொன்றார்கள். விரல் இல்லாமல்தான் புதைத்தார்கள்.

ஏப்ரல் 2, காலை 10.15. போலீஸும் அவள் அண்ணனும் பார்த்திருக்க, ஃப்ரீசரிலிருந்து 417-ஐ எடுத்தார்கள். சீல் உடையவில்லை. மேலே மார்ச் 4 தேதியும் என் கையெழுத்தும். அன்றைக்கு அவள் உயிரோடு இருந்தாள், எனக்கும் பத்து விரல் இருந்தது.

பீன்ஸில் மருந்து துளியும் இல்லை. அடியில் உறைந்துபோய் மூன்று விரல்கள் இருந்தன.

இரண்டு என்னுடையவை. ஒன்றில் என் செப்பு மோதிரம்.

மூன்றாவது ஒரு பெருவிரல். நகத்தோரத்தில் ஊதா மை.