பதினேழாம் எண்ணின் நடை

அக்கா போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போனதால் அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். மற்றபடி சேட்டை எதுவும் தெரியாத சாதுவான பெண். அவள் பள்ளி முடித்த கையோடு அக்கா காய்ச்சலில் படுத்தாள். ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். வாலு அதே கல்லூரியில், அக்கா படித்த அதே கணினி அறிவியலில் சேர்ந்தாள்.

இளநிலை மாணவிகளுக்கென்று அந்தக் கல்லூரி ஒவ்வொரு விடுமுறையிலும் ஆராய்ச்சிப் பயிலரங்கு நடத்தும். அக்காவும் அதில் கலந்துகொண்டவள்தான். “அங்க போனாத்தான் நமக்கும் மூளை இருக்குன்னு நமக்கே தெரியும்” என்பாள். அதனாலேயே வாலுவும் விண்ணப்பித்தாள்.

அவளையும், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஒருத்தியையும் ஒரே குழுவில் போட்டார்கள். நடையை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டும், அதுதான் ஆய்வு. மாடி வராந்தாவில் நடப்பவரைக் கேமரா பதிவு செய்யும். முகம், உடை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை மட்டும் புள்ளிகளாக வைத்துக்கொண்டு கோடுகளால் இணைக்கும். முந்தைய வருடங்களின் மாணவிகள் நடந்த பதிவுகள் இருந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். அவற்றைக் கொண்டு புரோகிராமைப் பழக்கிவிட்டு, புதிதாக வந்த பெண்களை நடக்கவிட்டார்கள். எல்லோருக்கும் ‘தெரியாதவர்’ என்று வந்தது. அப்படித்தான் வர வேண்டும்.

வாலு நடந்தபோது ‘பதினேழு’ என்று வந்தது.

“பழைய ஃபோல்டர்ல உன்னோடதையும் கலந்து தொலைச்சிட்டியா?” என்றாள் நெட்டை.

கலக்கவில்லை. செருப்பை மாற்றி நடந்தாள். பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். மெதுவாக, வேகமாக. பதினேழு, பதினேழு.

“போன ஜென்மத்துல இங்கதான் படிச்சிருப்ப போல.”

வாலு சிரிக்கவில்லை. பதினேழின் பதிவைப் போடச் சொன்னாள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாலான ஓர் உருவம் நடந்து வந்தது. இடது பாதம் தரையை லேசாகத் தேய்த்தது. வராந்தா முடிவில், திரும்புவதற்கு முன், வலது தோளை ஒருமுறை உயர்த்திக்கொண்டது. நழுவும் பையைத் தூக்கிவிடுகிற மாதிரி. தோளில் பை எதுவும் இல்லை.

வாலு எழுந்து, பயிலரங்கை நடத்தும் பேராசிரியையிடம் போனாள்.

“அது யாருன்னு நான் சொல்லக் கூடாதும்மா, விதி அப்படி” என்றார் அவர்.

“சொல்ல வேணாம் மேடம். எங்க அக்கா.”

“கூடப் பிறந்தவங்க நடை ஒத்துப்போறது உண்டு” என்றார் பேராசிரியை.

அது நெட்டைக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் வாலுவின் போனில் பள்ளிப் பிரிவுபசார விழாவின் வீடியோ இருந்தது. பரிசு வாங்க மேடைக்கு அவள் நடந்து போவது. அக்கா உயிரோடிருந்த காலம். அதையும் புரோகிராமுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘தெரியாதவர்’ என்று வந்தது.

“அப்போ நீ வேற மாதிரி நடந்திருக்க” என்றாள் நெட்டை. அதன் பிறகு அவள் கேலி பேசவில்லை.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாலு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்: “நான் அவள மாதிரியா நடக்கிறேன்?”

அம்மா கை நிற்காமல் மடித்தபடியே சொன்னாள்: “அவ போனதுலேருந்து அப்படித்தான். சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு சொல்லல.”

“அம்மா...”

“நீ படியேறி வர்றப்போ நான் கிச்சன்லயே நிப்பேன். அது வரைக்கும் அவதான் வர்றா. நீ வாயத் திறந்து கூப்பிட்டதும் போயிடுவா.”

வந்ததும் கத்தாதே, தலை வலிக்கிறது என்று அம்மா இத்தனை நாளும் சொல்லிவந்தது எதற்கென்று வாலுவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வீட்டில் தான் வந்து சேராத நேரம் ஒன்று தினமும் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

அம்மா அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றாள். பேராசிரியை அனுமதித்தார். நெட்டை இரண்டு உருவங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். நல்ல பகல் வெளிச்சம். வெளியே பெண்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டையடிக்கும் சத்தம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

“இதுதான் என் பெரியவ.”

அவள் தொட்டது வாலுவின் உருவம்.

நெட்டை வாயைத் திறந்தாள். வாலு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “ஆமாம்மா” என்றாள்.

“இவ எங்க போயிட்டிருக்கா?”

“வராந்தா முடியிற வரைக்கும்தாங்க” என்றார் பேராசிரியை. குடும்பத்தார் கேட்டால் பதிவை அழித்துவிடலாம் என்றும் சொன்னார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஆய்வறிக்கையில் பதினேழாம் எண்ணையும் வாலுவையும் விட்டுவிட்டுத்தான் கணக்குக் காட்டினார்கள். முடிவுகள் நன்றாக வந்திருந்தன, பாராட்டும் கிடைத்தது. அதன் பிறகு வாலு சில நாள் அந்தப் பள்ளி வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தன் பழைய நடையை நடந்து பழகினாள். யாரையோ பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டாள்.

இப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் வேலை. பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களின் நடையை அளக்கிறாள்; அதில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்திருக்கிறாள். கேமராவைச் சரிபார்க்க யாராவது நடந்து காட்ட வேண்டியிருந்தால், தான் நடக்காமல் பக்கத்து அறையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறாள்.