கூப்பிட்டால் கேட்குமா

இது நடந்தது. யாருக்கோ நடந்ததாகக் காற்றில் வந்த கதை அல்ல. புங்குடுதீவுச் சத்தியபாமா ரீச்சருக்கு நடந்தது. கணக்குப் படிப்பிப்பவர். பேய் பிசாசென்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுவார். அது நடந்த முதியோர் இல்லத்தின் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ரீச்சரின் தகப்பன் குமாரசுவாமிக்கு வயது எண்பத்து மூன்று. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ரீச்சர் கல்யாணம் செய்யவில்லை. ஒரே தம்பி கனடாவில். காலை ஏழு மணிக்குக் கஞ்சி பருக்கி, தண்ணீர்ப் போத்தலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலணைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சோறு கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் கிழவர் தனிய.

இல்லத்தில் விடச்சொல்லித் தம்பி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மகள் இருக்கத் தகப்பனைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சுக்கு ரீச்சர் பயந்தார். தகப்பன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடப்பார். அதுதான் ரீச்சரை இன்னும் வாட்டியது.

போன வருடம் புரட்டாதி, ஒரு வெள்ளிக்கிழமை. இல்லத்தைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று, பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஸ்கூட்டியில் ஊர்காவற்றுறைப் பக்கம் போனார். கொப்பியில் கேள்விகள் எழுதியிருந்தார். இரவில் எத்தனை பேர் வேலைக்கு நிற்பார்கள், டொக்டர் எந்த நாள் வருவார், கக்கூசில் பிடித்து எழும்பக் கம்பி இருக்கிறதா...

போய்ச் சேர இரண்டு இருபது. பொறுப்பாளரின் கந்தோர் அறை பூட்டிக் கிடந்தது. விறாந்தையில் ஆளில்லை. அறைகளில் முதியவர்கள் மத்தியான நித்திரை. கடைசி அறைக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே கட்டில் விளிம்பில், வெள்ளைச் சேலையோடு ஒரு அம்மா.

"ஆருக்குப் பிள்ளை இடம் பாக்கிறீர்?"

அப்பாவுக்கு என்றார் ரீச்சர். கொப்பியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா கட்டிலோடு இருந்த மணியின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் பிறகு. கூப்பிட்டா ஆருக்கும் கேக்குமோ எண்டு மட்டும் பாரும்."

மேலே காற்றாடி வேகமாகச் சுற்றியது. கொப்பியின் தாள்கள் படபடத்தன. அந்த அம்மாவின் சேலைத் தலைப்பு... அசையவே இல்லை.

தண்ணீர் இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். உதடு வெடித்திருந்தது. ரீச்சர் தன் போத்தலைத் திறந்து கொடுத்தார். அம்மா வாயில் வைத்துக் குடித்தார். நெடுநேரம் குடித்தார்.

விழுங்கும் சத்தம் கேட்கவில்லை.

போத்தலைத் திருப்பி வாங்கினார் ரீச்சர். கழுத்துவரை தண்ணீர். ஒரு சொட்டும் குறையவில்லை.

சுவரில் மணி இரண்டு நாற்பது.

"வீட்டை போம் பிள்ளை. அவர் கீழை கிடக்கிறார்."

ரீச்சர் ஓடினார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று இருபதுக்கு வீட்டு வாசல். தகப்பன் நிலத்தில் குப்புறக் கிடந்தார். போத்தல் உருண்டு அலுமாரிக்குக் கீழே போயிருந்தது. ரீச்சர் அவரைத் தூக்கி மடியில் சாய்த்துத் தண்ணீர் பருக்கினார். அவர் குடித்தார். சத்தம் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் ரீச்சருக்கு அழுகை வந்தது.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தனான், பிள்ளை," என்றார் கிழவர்.

அந்த இரவு அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னை அங்கே கொண்டுபோய் விடச் சொன்னார். தனியக் கிடக்கப் பயமாக இருக்கிறது என்றார். இத்தனை நாளும் அதை அவர் சொன்னதில்லை.

அடுத்த திங்கள் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். பொறுப்பாளர் செபஸ்தியம்மா படிவம் நிரப்பினார். கடைசி அறை அம்மா எப்படி இருக்கிறா என்று ரீச்சர் கேட்டார். செபஸ்தியம்மா பேனையைக் கீழே வைத்தார். அந்த அறையில் ஆளில்லை, ஆவணியில் இருந்து பூட்டிக் கிடக்கிறது என்றார்.

ரீச்சர் அடையாளம் சொன்னார். செபஸ்தியம்மா எழும்பிப்போய் ஒரு கோவையை எடுத்து வந்து விரித்தார். விண்ணப்பத்தில் ஒட்டிய படம். அதே முகம். அன்னபூரணம், எழுவைதீவு.

"இவ இங்கை ஒருநாளும் வந்ததில்லை, ரீச்சர்."

பிள்ளைகள் லண்டனில். தனிய இருந்தவர். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை கடல்தாண்டிப் போட்டில் இல்லத்துக்கு, அந்தக் கடைசி அறைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் அயலட்டைச் சனம் எல்லாரிடமும் பயணம் சொல்லிவிட்டு வந்து, இரவு குசினி அடுப்படியில் விழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் கண்டெடுத்தார்கள். மூன்று நாளாவது உயிர் இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

செபஸ்தியம்மா கோவையை மெல்ல மூடினார்.

"அங்கத்தைச் சனம் அவ இங்கை வந்திட்டா எண்டு நினைச்சினம். நாங்கள் அவ மனம் மாறி அங்கையே நிண்டிட்டா எண்டு நினைச்சம். ஒருத்தரும் தேடேல்லை."