நிறுத்தச் சொன்னால் மறைக்கிறார்கள்

ஆப் எழுதும் தொழிலில் ஒன்றை ஓட வைத்தால் கை தட்டுவார்கள். ஓடுவதை நிறுத்தப் போனால் கையைப் பிடிப்பார்கள்.

சிமுலேட்டரோடு மல்லுக்கட்டும் என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு மட்டும்: சிமுலேட்டர் என்பது கம்ப்யூட்டர் திரையில் தெரியும் பொய் போன். புது ஆப்பை முதலில் அதில்தான் ஓட்டிப் பார்ப்போம். கடைசி செமஸ்டரில் நான் எங்கள் ஊர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, ஒரு சின்ன ஆபீசில் மூன்று மாதம் வேலை பழகினேன். கோதையம்மாள் என்பவரின் பேண்டேஜ் ஆலைக்கு வருகைப்பதிவு ஆப். அவர் பார்த்துவிட்டு, திருப்தி என்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு ப்ராஜெக்ட் மார்க்.

பத்தரை மணிச் சாப்பாடு

ஷிப்டு மாறும்போது ஆப் சங்கு ஊத வேண்டும். சோதனைக்காக நிமிடத்துக்கு ஒருமுறை ஊதும்படி வைத்திருந்தோம். சீனியர் முருகேசன் அண்ணன் டீக்குக் கிளம்பும்போது பொய் போனில் ஹோம் பொத்தானை அமுக்கினார். ஆப் கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்ததெல்லாம் நின்றது என்பது அவருடைய சித்தாந்தம். ஸ்பீக்கரைக்கூட அணைக்காமல் போய்விட்டார்.

நான் பஸ் இறங்கி வந்தபோது, பக்கத்துத் தையல் ஷெட்டில் வரிசையாக டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. மணி பத்தரை. எங்கள் ஆபீசுக்குள் சங்கு நிமிடம் தவறாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஆப், சிமுலேட்டர், பின்னணி ஓட்டம் என்று அத்தனையும் விளக்கி மன்னிப்புக் கேட்டேன். கடைசி வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு ஓர் அக்கா சொன்னார்: “ஊதுனது நீங்க, தின்னது நாங்க. ஒரு மணிக்கு ஊதுனா பொறவு எதைத் திங்க?”

ஏழு நிமிடக் கொள்கை

அன்றே சண்டை போட்டேன். மேலே ஒரு குட்டிச் சதுரம் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் ஆப் உண்மையாக நிற்கும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள் என்றேன். ஏழு காரணம் அடுக்கினேன். அண்ணன் ஏழையும் பொறுமையாகக் கேட்டார். எங்கள் கம்ப்யூட்டர் அவ்வளவு பழசு; அதில் ஒரு ஆப்பை மறுபடி கிளப்ப ஏழு நிமிடம் பிடிக்கும். அவர் பதில் இதுதான்: “ஓடுத மாட்டை எதுக்குட்டி படுக்கப் போடுத?”

வளர்ந்த எழுத்து

எழுத்து பொடிசாக இருக்கிறது என்று கோதையம்மாள் போனில் சொல்லியிருந்தார். அவர் நேரில் வரும் அன்று காலையில் அண்ணன் எழுத்தின் அளவைப் பதினெட்டாக்கினார். திரையில் மாற்றமில்லை. இருபத்து நாலு. மாற்றமில்லை. அறுபது. மவுசைத் தட்டினார். தொண்ணூறு. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஓடிக்கொண்டிருப்பது பழைய ஆப், அதை நிறுத்தாமல் புதுசு எப்படி வரும் என்று நான் மூன்றாம் தடவையாகக் கத்தினேன். வேறு வழியில்லாமல் சதுரத்தை அமுக்க விட்டார். மறுபடி கிளம்பிய ஆப்பில் ‘வந்தேன்’ என்ற ஒரே பொத்தான் திரை முழுக்க நின்றது. கீழே இருந்த ‘போறேன்’ திரைக்கு வெளியே போய்விட்டது. வாசலில் கார் நிற்கும் சத்தம். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “மூடிக்கிட்டு இரு. அவிய கண்டுபிடிக்க மாட்டாவ.”

போக வழியில்லாத ஆலை

கோதையம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறதாம். பேனாவைக் கேட்டார். என் படிவம் அவர் மடியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்க். ஆனால் காலையில் வருகிறவர்கள் சாயங்காலம் எந்தப் பொத்தானை அமுக்குவார்கள்?

“‘போறேன்’ பொத்தான் வெளியே போயிருச்சும்மா. இந்த ஆப்புப்படி உங்க ஆளுக யாரும் வீட்டுக்கே போகல, உங்க ஷெட்டுலதான் குடித்தனம். கையெழுத்துப் போடாதீங்க” என்றேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

சரி செய்ய எவ்வளவு நேரமாகும் என்று கோதையம்மாள் கேட்டார். நிறுத்தி, மாற்றி, கிளப்ப ஏழு நிமிடம் என்றேன். பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தார். நான் சதுரத்தை அமுக்கி, எழுத்தைக் குறைத்து, ஆப்பை மறுபடி கிளப்பினேன். இரண்டு பொத்தானும் பளிச்சென்று வந்தன. இரண்டையும் தானே அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டும்போது சொன்னார்: “படிப்பை முடிச்சுட்டு எங்க ஆலைப் பக்கம் மட்டும் வேலைக்கு வந்துராத தாயி. அம்புட்டுப் பேரையும் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிருவ.”

ஓடுகிற ஆப்பை நிறுத்த ஒரே ஒரு அமுக்குதான்; அதற்கு அனுமதி வாங்கத்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது.