பதினொரு குருவிகள்

குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பது என் மனைவியின் வேலை. அதைக் கேலி செய்வது என் வேலை. பிரான்சில், லா ஷப்பலில் எங்கள் தரைத்தளத்து வீட்டில் இருபது வருடங்களாக இந்த ஏற்பாடு குறைவின்றி நடந்து வந்தது.

சமையல் நடக்கிற குசினியின் பின்கதவைத் திறந்தால் நான்கு சுவர்களுக்கு நடுவே ஒரு சிறிய முற்றம். குப்பைத் தொட்டிகள், யாரோ விட்டுப்போன சைக்கிள், சுவரில் ஒரு படர்கொடி. கொடியின் கீழே, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண்தட்டு ஒன்று இருக்கும். அதில்தான் தண்ணீர். குளிர்காலத்தில் அது இரவோடிரவாக உறைந்துவிடும். காலையில் அவள் பனிக்கட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். மத்தியானம் இன்னொரு தரம்.

"பிரான்ஸ் குருவிக்குக் குளிர் பழக்கம்தானே. அதுகளுக்கு விசாப் பிரச்சினையுமில்லை. பிறகென்ன கவலை?" என்று நான் கட்டிலில் கிடந்தபடியே சொல்வேன்.

"வாத்தியாருக்கு வாய் மட்டும் உறையிறேல்லை" என்பாள்.

ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றேன். ஆனால் அவளுக்கு நான் இன்றுவரை வாத்தியார்தான். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒருபோதும் துணிவு வந்ததில்லை.

போன தை மாதம் ஒரு காலை அவளுக்குத் தலையிடி. "இண்டைக்கு மட்டும் நீங்கள் ஊத்தி விடுங்கோவன்" என்றாள். "பத்து நிமிசம் பொறு" என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுக்கவில்லை. முந்தைய நாள் கொட்டிய தண்ணீர் முற்றத்துக் கல்லில் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. அதில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது, "தட்டுக்குத் தண்ணி ஊத்தேல்லை" என்றாள்.

"நான் ஊத்திறன். நீ வாறவரைக்கும் ஊத்திறன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்ததும், லா கூர்னெவுக்கு அப்பால் நடைப்பயிற்சி கொடுக்கிற ஒரு நிலையத்துக்கு அவளை மாற்றினார்கள். அங்கிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் வரும்.

"தண்ணி மாத்தினீங்களோ?"

"ஓம்."

"எத்தினை வந்தது?"

"ஐஞ்சு."

முதல் நாள் சொன்னது இது. உண்மை வேறு. உறைந்த தட்டில் கொதிநீரை அப்படியே ஊற்றியிருந்தேன். தட்டு இரண்டாகப் பிளந்து போயிற்று. திடீரென்று சூடு பட்டால் பாத்திரம் ஏன் வெடிக்கிறது என்று கரும்பலகையில் படம் கீறி விளக்கியவன் நான்.

அடுத்த நாள் எங்கள் தெருத் தமிழ்க் கடையில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் வாங்கினேன். "என்னண்ணை, வீட்டிலை விசேசமோ?" என்று கடைக்காரர் கேட்டார். குருவிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம்" என்றேன். சந்தனமும் குங்குமமும் எடுத்துக் கட்டித் தந்துவிட்டார். அவையும் வீட்டில் கிடக்கின்றன. தாம்பாளத்தின் பளபளப்பைக் கண்ட குருவிகள் கொடியை விட்டு இறங்கவில்லை. இரண்டு நாட்களில் கொஞ்சம் பழகி, ஒன்றிரண்டு வரத் தொடங்கின. அதற்குள் எனக்குக் காலையில் எழும்புவது அலுத்துவிட்டது.

அப்போதுதான் என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது. உப்புக் கரைத்த தண்ணீர் இலேசில் உறையாது. பதினான்கு வருடம் படிப்பித்த பாடம். இரண்டு கைப்பிடி உப்பைக் கரைத்து வைத்துவிட்டுப் போர்வைக்குள் போனேன். காலையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. யன்னலால் பார்த்து நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். ஒரு குருவி வந்து அலகை நனைத்தது. தலையை உதறியது. போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் தலையை உதறியது. மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தொட்டிகளை இழுத்துப் போக வந்த எங்கள் கட்டிடத்துக் காவல்காரி, போர்த்துக்கேயப் பெண், தாம்பாளத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மிஸியே, இது குருவிக்கு வைத்ததா, மீன் ஊறப்போட்டதா?" என்று கேட்டாள். "இவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு நஞ்சு. மதாமுக்குத் தெரியுமா?"

மதாமுக்குத் தெரியாது. மதாமுக்கு நான் அன்று காலைதான் ஒன்பது குருவிகள் சொல்லியிருந்தேன். முற்றத்தில் குருவி குறையக் குறையப் போனில் கூடிக்கொண்டே போனது. குற்ற உணர்ச்சிக்குக் கணக்குத் தெரியாது போலும். சனிக்கிழமை பதினொன்றாக்கினேன். "பதினொண்டோ!" என்று அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு, நல்ல காரியம் செய்தேன் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிறு கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி அவளைப் பார்க்கப் போனேன். அவள் கட்டிலில் கிடந்தாள். கால் தொடை வரைக்கும் வீங்கியிருந்தது. நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் என்னை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"உங்கள் மனைவிக்கு நடக்கப் பயம். அதனால் நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்தோம். வீட்டில் எத்தனை பறவை வந்ததோ அத்தனை தரம் இந்தத் தாழ்வாரத்தில் போய் வர வேண்டும். ஐந்து ஆறு என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பதினொன்றாம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து மிச்சத்தையும் நடந்து முடித்திருக்கிறார்."

அந்தத் தாழ்வாரத்தின் நீளத்தைப் பார்த்தேன். இதற்குச் சமாளிப்பு ஒன்று கண்டுபிடிக்க என் மூளை உடனே வேலை தொடங்கியது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உள்ளே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஒரு குருவியும் வரேல்லை" என்றேன். தட்டு, தாம்பாளம், உப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அப்ப நான் ஆருக்காக நடந்தனான்?"

நான் போர்வையை இழுத்து அவளின் வீங்கிய காலை மூடினேன். "அண்டைக்கு நான் எழும்பிப் போயிருக்க வேணும். பேப்பரிலை ஒண்டுமிருக்கேல்லை."

"தெரியும். அது முந்தின நாள் பேப்பர்."

ரயிலுக்கு நேரமாயிற்று. நான் எழும்பும்போது, "இனி உள்ளதைச் சொல்லுங்கோ. சைபர் எண்டால் சைபர்" என்றாள்.

திங்கள் சைபர் என்றேன். "சரி, கால் வீக்கம் வத்தட்டும்" என்றாள். செவ்வாயும் சைபர். புதன் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் சைபர். "அப்ப நான் இண்டைக்கும் நடக்கேல்லை" என்று போனை வைத்துவிட்டாள். அரை மணியில் நடைப்பயிற்சிப் பெண் போன் எடுத்தாள். "மிஸியே, இப்படியே கிடந்தால் மூட்டு இறுகிவிடும். தயவுசெய்து ஏதாவது பறவையைப் பிடியுங்கள்."

காவல்காரி உப்புத் தாம்பாளத்தை எடுத்துவிட்டுத் தன் வீட்டு மண்தட்டு ஒன்றைத் தந்தாள். நான் ஐந்து மணிக்கு எழும்பினேன். பனிக்கட்டியைக் கல்லில் கொட்டாமல் வாளியில் போட்டேன். இளஞ்சூட்டில் தண்ணீர் வைத்தேன். ஒரு மணிக்கொரு தரம் மாற்றினேன். இருபது வருடம் அவள் செய்ததை இரண்டு நாள் செய்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஒரு குருவி இறங்கியது. நான் சுடுதண்ணீர்க் கேத்திலோடு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தட்டின் விளிம்பில் குந்தித் தண்ணீரைப் பார்த்தது. யாரோ குப்பைத் தொட்டியை இழுத்தார்கள். பறந்துவிட்டது.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"எத்தினை?"

"ஒண்டு."

"குடிச்சதோ?"

ஓர் "ஓம்" போதும். அவள் நடப்பாள். அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்வாள். நல்ல காரணத்துக்காக என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அதில் எனக்குப் பழக்கமும் இருக்கிறது.

"இல்லை. விளிம்பிலை இருந்தது. பிறகு சத்தத்துக்குப் பறந்திட்டுது."

நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்ப தாழ்வாரத்திலை பாதிக்குப் போறன்" என்றாள்.

"பாதியிலை நிண்டு என்ன செய்வாய்?"

"திரும்பி வருவன். விசர்க் கேள்வி கேக்காமல் போய்த் தண்ணியை மாத்துங்கோ, ஆறப்போகுது."

போனை நிறுத்தாமலே கட்டிலில் போட்டுவிட்டாள் போல. அவள் பிடித்து நடக்கிற நடைச்சட்டம் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. மெல்ல மெல்லத் தூரமாகப் போனது.