கள்ளுக்கடைக்கு அடுத்த சாப்பாட்டுக்கடை

ஆட்டையாம்பட்டியில் என் அக்காவின் சாப்பாட்டுக்கடை, கள்ளுக்கடைக்கு அடுத்த கொட்டகையில் நடந்தது. அவள் சமைப்பாள். நான் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, இலை போடுவேன். சாயங்காலம் தறியை விட்டு எழுந்த ஆட்கள் முதலில் கள்ளுக்கடைக்குப் போவார்கள்; பிறகு தள்ளாடிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். குடல் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, "அக்கா கைக்குத் தங்கக் காப்புப் போடோணுங்க" என்பார்கள். அக்கா, புருஷனை இழந்து பிறந்த ஊருக்கே திரும்பியவள். அந்தப் பேச்சில் அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

மதுவிலக்கு முதன்முதலில் எங்கள் சேலம் ஜில்லாவுக்குத்தான் வந்தது. வருஷா வருஷம் நடக்கும் கள்ளுக்கடை ஏலம் நின்றுபோனது. குத்தகைக்காரர் பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கள் ஒழிந்ததென்று ஊர்ப் பெண்கள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தார்கள். அக்காவும் எடுத்தாள், வந்த கையோடு வழக்கம்போல் மிளகாய் அரைத்தாள்.

பழக்க தோஷத்தில் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதல் வாயிலேயே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு மொளகா ஜாஸ்தியாப் போச்சுங்களா?"

"எப்பவும் போடறதுதானுங்க."

வரவர ஆட்கள் குறைந்தார்கள். வீட்டிலேயே சாப்பிடப் பழகிவிட்டார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான், காரத்தைக் குறை என்றேன். சண்டைக்கு வந்தாள்.

"அப்ப இத்தனை வருசமா என் கையைப் புகழ்ந்தது அவங்களா, கள்ளாடா?"

பதில் எனக்குத் தெரியும். விறகு பிளக்கப் போய்விட்டேன்.

ஒரு சாயங்காலம் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அதே குழம்பு. அவர் கண் கலங்கவில்லை. இலையை வழித்துவிட்டு, "அக்கா கைப்பக்குவம் வேற ஆருக்கும் வராதுங்க" என்றார். அக்கா முகமெல்லாம் சிரிப்பாகக் கரண்டியோடு ஓடினாள். ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கள் வாடை அடித்தது. எந்தக் காட்டில் ஒளித்து இறக்கியதோ, சண்டாளன் குடித்துவிட்டு வந்திருந்தான்.

கரண்டி நிறைய ஊற்றி, "சாப்புடுங்க சாமி" என்றாள்.

மறுநாள் காலையில் அம்மியில் மிளகாயைப் பாதியாகக் குறைத்து வைத்து அரைத்தாள். எப்போதும் அவளைக் கேலி பேசுகிற எனக்கு, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.